பெட்டிக்கு ஏற்ற இயந்திரம்

பெரும்போக அறுவடை நடைபெறும் காலத்தில், கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் கிட்டங்கி வீதியின் ஓரத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். நெல் மூடைகளை அடுக்கிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு உழவு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருவதைக் காண்பீர்கள். சவளக்கடையிலிருந்தும், சாளம்பைக்கேணியிலிருந்தும், அன்னமலையிலிருந்தும், மத்தியமுகாமிலிருந்தும் வயலின் விளைவு வீதிக்கு வருகின்றது. வட்டையில் விளைந்த நெல் வீட்டையோ ஆலையையோ சென்றடைவதற்கு அந்தப் பெட்டியே வழி. ஆகவே, ஒரு குடும்பம் கடன்பட்டேனும் நகையை ஈடுவைத்தேனும் இயந்திரமொன்றை வாங்க முற்படும்போது, உழவை மட்டுமன்றி இழுவையையும் கருதியே வாங்குகின்றது.

அவ்வாறு வாங்கப் புறப்படுபவர் வழக்கமாகக் கேட்கும் முதற் கேள்வி, "இது எத்தனை குதிரைவலு?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை மூடை இழுக்கும்?" என்பது. இவ்விரண்டும் கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும், இவற்றுக்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. அதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நேயர்களே, இயந்திரம் வருவதற்கு முன்பு இப்பகுதியில் பாரம் இழுத்தவை எருதுகள். மாட்டு வண்டிலில் நெல் ஏற்றிய முதியவர்கள், பௌதிகவியல் நூலைக் கண்டவர்களல்லர். ஆனால் மூடைகளை அடுக்கும்போது ஒரு கணக்கினை அவர்கள் ஒருபோதும் மறந்ததில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தாலோ நுகம் மேலெழுந்து, எருதின் கழுத்துப் பட்டியை இறுக்கும். வண்டில் பின்புறமாகச் சாயும். ஆதலால், அச்சுக்குச் சற்று முன்னே பாரத்தின் நடுவம் அமையுமாறு ஏற்றி, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, "இது போதும்" என்று முடிவு செய்வார்கள்.

1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் இறங்கியது. மத்தியமுகாம் போன்ற குடியேற்றங்கள் தோன்றின. வயல்கள் பெருகியபோது எருதின் வேலையை இயந்திரம் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. எருது போயிற்று; ஆனால் பாரத்தின் விதி போகவில்லை. நுகம் இருந்த இடத்தில் இன்று கொழுக்கி இருக்கின்றது. வண்டில்காரர் கையால் தூக்கிப் பார்த்து அறிந்ததை, இன்று நாம் கணக்கால் அறிந்துகொள்ளலாம்.

முதலில் குதிரைவலுவை எடுத்துக்கொள்வோம். மூடை ஒன்று 60 கிலோகிராம் எனக் கொண்டால், 50 மூடைகளின் நிறை 3,000 கிலோகிராம் ஆகும். வெறும் பெட்டியின் நிறையை 1,000 என்று வைத்தால், மொத்தம் 4,000 கிலோகிராம். இதனைச் சமதரையான தார் வீதியில் உருட்டிச் செல்வதற்கு வேண்டிய இழுவிசை எவ்வளவென்று நினைக்கிறீர்கள்? காற்றடைத்த டயர்கள் நல்ல நிலையில் இருந்தால், நிறையில் நூற்றுக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கே போதும். அதாவது, ஏறத்தாழ 100 முதல் 120 கிலோகிராம் விசை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் இப்பெட்டியை இழுப்பதற்கு ஆறேழு குதிரைவலுவே செலவாகின்றது. நாற்பத்தைந்து குதிரைவலு இயந்திரத்துக்கு இது ஒரு பொருட்டன்று.

ஆனால், அதே பெட்டியை ஈரம் உலராத வயல் வழியில் இழுக்கும்போது கதை மாறுகின்றது. சில்லுகள் சேற்றில் புதையுமிடத்து, நிறையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கும் அதற்கு மேலும் விசை வேண்டியிருக்கும். நமது கணக்கில் அது 600 கிலோகிராம். நூறு கேட்ட இடத்தில் அறுநூறு கேட்கின்றது நிலம். இங்கே இயந்திரம் உறுமுகின்றது, புகை கக்குகின்றது, சில்லுகள் சுழல்கின்றன, பெட்டி மட்டும் அசைவதில்லை. "வலு போதாது" என்கிறோம். உண்மையில் வலு குறைந்துவிடவில்லை. சில்லு சுழல்கின்றதே, அதுவே வலு இருப்பதற்குச் சாட்சி. போதாதிருப்பது நிலத்தின் மீதான பிடி.

பிடி எங்கிருந்து வருகின்றது? இயக்கும் சில்லின் மீது அழுத்தும் நிறையிலிருந்தே வருகின்றது. 1,800 கிலோகிராம் நிறையுள்ள நான்கு சில்லு இயந்திரமொன்றில், 1,200 பின் சில்லுகளின் மீதும் 600 முன் சில்லுகளின் மீதும் இருப்பதாகக் கொள்வோம். ஈரமான களிநிலத்தில், அழுத்தும் நிறையில் நூற்றுக்கு நாற்பது பங்கே இழுவிசையாகப் பயன்படும் என்று வைத்தால், 1,200 கிலோகிராமுக்குக் கிடைப்பது 480. நிலமோ 600 கேட்கின்றது. ஆகவே சில்லு சுழல்கின்றது. இந்த நிலையில் ஐம்பது குதிரைவலுவுக்குப் பதிலாக நூறு குதிரைவலுவைக் கொண்டுவந்தாலும், இயந்திரத்தின் நிறை மாறாவிடின் சில்லு இன்னும் வேகமாகச் சுழலுமேயன்றிப் பெட்டி நகராது.

இவ்விடத்தில்தான் வண்டில்காரரின் முன்பாரக் கணக்கு நமக்குத் துணைவருகின்றது. ஓர் அச்சுப் பெட்டியில் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே தள்ளி ஏற்றினால், அதில் ஒரு பங்கு கொழுக்கியின் மீது இறங்குகின்றது. 600 கிலோகிராம் அவ்வாறு இறங்குவதாகவும், கொழுக்கி பின் அச்சுக்கு இரண்டடி பின்னே இருப்பதாகவும், முன்பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் ஆறடி என்றும் கொள்வோம். நெம்புகோலின் விதிப்படி, முன் சில்லுகளிலிருந்து 200 கிலோகிராம் நீங்குகின்றது. பின் சில்லுகளின் மீது 800 கிலோகிராம் சேர்கின்றது. 1,200 என்பது 2,000 ஆயிற்று. இழுவிசை 480இலிருந்து 800 ஆக உயர்ந்தது. பெட்டி நகர்கின்றது! ஒரு குதிரைவலுவும் கூட்டாமல், மூடைகளை இடம்மாற்றி அடுக்கியதனாலேயே இது நிகழ்ந்தது.

அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டில் பிறந்த ஹரி பெர்குசன் என்பவர், இழுக்கப்படும் பொருளின் பாரத்தையே இழுக்கும் இயந்திரத்தின் பிடியாக மாற்றும் இக்கருத்தைத் தமது வடிவமைப்பின் அடித்தளமாக்கினார். இவரது சிறிய சாம்பல் நிற உழவு இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியாயிற்று. இவருக்கென உருவான பெட்டியில் அச்சு பின்தள்ளி அமைந்திருந்தது. பாரத்தின் ஒரு பகுதி எப்போதும் இயந்திரத்தின் மீது தங்கியிருந்தது. நம் பகுதியில் நன்கு பழகிய மெசி பெர்குசன் என்னும் பெயரில் அவரது பெயரும் இணைந்திருக்கின்றது.

ஆயினும், அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. முன் சில்லுகளிலிருந்து 200 கிலோகிராம் நீங்கியதைக் கவனித்தீர்களா? இயந்திரத்தைத் திருப்புவது முன் சில்லு. அது நிலத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டு போனால், சுக்கானைத் திருப்பினாலும் இயந்திரம் நேரே போகும். வரம்பிலிருந்து வீதிக்கு ஏறும் மேட்டில் முன்புறம் மேலெழும். இன்னொன்றும் உண்டு. கொழுக்கியைப் பின் அச்சின் மட்டத்துக்கு மேலே எங்கேனும் கட்டி இழுத்தால், இயந்திரம் பின்புறமாகக் குப்புறக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். பின் அச்சுக்குக் கீழே, அதற்கென அமைந்த இழுவைச் சட்டத்திலேயே பெட்டியைக் கொழுவுதல் வேண்டும். இதிலே விதிவிலக்கு இல்லை.

இனி, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட அந்த முதற் கேள்விக்கு வருவோம். சாளம்பைக்கேணியில் இயந்திரம் வாங்க எண்ணும் இளைஞர் ஒருவர், ஒரு காலத்தில் வண்டில் ஓட்டிய அயல்வீட்டு முதியவரிடம் யோசனை கேட்பதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

"காக்கா, ஐம்பது மூடை இழுக்கக்கூடிய மிசின் ஒன்று பார்த்திருக்கிறேன். வாங்கலாமா?"

"இழுக்கும், தம்பி. ஐம்பது மூடையை இழுக்கும். ஐம்பது மூடை பின்னால் வந்து தள்ளும்போது அது நிற்குமா?"

முதியவரின் இந்தக் கேள்வியே முதற் கேள்வி. இழுக்கும் இயந்திரத்தை, அது தன் பாரத்தை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைக்கொண்டு மட்டும் தேர்தல் ஆகாது; எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தும் என்பதைக்கொண்டே தேர்தல் வேண்டும்.

காரணம் எளிது. நமது இயந்திரத்தின் நிறை 1,800. அதன் பின்னால் வருவது 4,000. பெரும்பாலான பெட்டிகளில் பிறேக் இல்லை; இருந்தாலும் வேலை செய்வதில்லை. ஆகவே 5,800 கிலோகிராமையும் இயந்திரத்தின் பின் சில்லுகள் இரண்டுமே நிறுத்தவேண்டியிருக்கின்றது. தனியாக வரும்போது 5 மீற்றரில் நிற்கும் இயந்திரம், இந்தப் பாரத்தோடு நிற்பதற்கு ஏறத்தாழ 15 மீற்றர் வேண்டும். வேகத்தை இரட்டித்தால் நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. 15 மீற்றர் 60 மீற்றராகின்றது. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வீதிக்கு வரும் நேரத்தில், அறுபது மீற்றர் என்பது எத்தனை வாசல்களைக் கடக்கும் தூரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மேலைநாடுகளில் குடும்பத்தினர் உல்லாசப் பயணம் போகும்போது, படுக்கையும் அடுப்பும் அமைந்த சில்லு வீடொன்றை மோட்டார் வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்வர். பிரித்தானியாவில் இதற்குப் புதியவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை, இழுக்கப்படும் வீட்டின் நிறை, இழுக்கும் வண்டியின் நிறையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்படலாகாது என்பதாகும். அமெரிக்காவில், இழுக்கப்படுவதன் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொழுக்கியின் மீது இறங்கவேண்டுமென்பர். அதனிலும் குறைந்தால், வேகமாகச் செல்லும்போது பின்னே வருவது நாய்வால் போல் ஆடத் தொடங்கும். எந்த நாட்டிலும் விதி ஒன்றே: முன்னே போவது பின்னே வருவதை ஆளவேண்டும், பின்னே வருவது முன்னே போவதை ஆளலாகாது. நம் உழவு இயந்திரமோ தன்னிலும் இருமடங்கு நிறையை இழுக்கின்றது. இதை ஓரளவேனும் பொறுக்கத்தக்கதாக ஆக்குவது ஒன்றேயொன்று. அதன் மந்தமான வேகம். அந்த வேகத்தைக் கூட்டினால், நமக்குள்ள ஒரே காவலையும் நாமே துரத்திவிட்டவர்களாவோம்.

நான்கு சில்லு இயந்திரங்கள் பலவற்றில், வலப் பின் சில்லுக்கு ஒன்றும் இடப் பின் சில்லுக்கு ஒன்றுமாக இரண்டு பிறேக் மிதிகள் உண்டு. வயலின் மூலையில் குறுகத் திரும்புவதற்காக அவை தனித்தனியே அமைந்துள்ளன. வீதிக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிட வேண்டும். கொண்டி போடாமல், அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், ஒரு பக்கச் சில்லு நிற்க மறுபக்கச் சில்லு ஓட, இயந்திரம் குறுக்கே திரும்பும். பின்னால் வரும் பெட்டி அதனைத் தள்ளி மடக்கிவிடும். இறக்கத்தில் கியரை நீக்கி, எண்ணெய் மிச்சமென்று வெறுமனே உருளவிடுவதும் இதே வகையைச் சேர்ந்த தவறு. ஏறும்போது எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குதல் பழைய ஓட்டுநர்களின் நல்வழக்கம்.

அடுத்து, இரண்டு சில்லு இயந்திரம். லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயராக இருந்து, இலங்கையில் எந்தக் கம்பனியின் கை உழவு இயந்திரத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஓரிரு ஏக்கர் செய்பவருக்கு இது ஏற்றது. விலை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு, ஒடுங்கிய வாய்க்கால் வரம்பிலும் நுழையும். ஆனால் இதன் நிறை சில நூறு கிலோகிராம்களே. நாம் இதுவரை கண்ட விதிகளின்படி, நிறை குறைந்தது பிடியும் குறைந்தது. நிறுத்தும் ஆற்றலும் குறைந்தது. ஆகவே பத்துப் பன்னிரண்டு மூடைகளே இதற்கு அழகு. இதன் பெட்டிச் சில்லுகளில் பிறேக் இருப்பதும், அது வேலை செய்வதும் இன்றியமையாதன.

இதில் ஒரு மறைந்த அபாயமும் உண்டு. இதனைத் திருப்புவதற்குக் கைப்பிடிகளின் கீழ் இரண்டு கிளச்சுகள் இருக்கின்றன. சமதரையில் இடக் கிளச்சை அழுத்தினால், இடச் சில்லுக்குச் செல்லும் வலு அறுந்து, இயந்திரம் இடப்புறம் திரும்பும். ஆனால் இறக்கத்தில், பின்னே வரும் பாரம் இயந்திரத்தைத் தள்ளும்போது இது தலைகீழாகின்றது. அப்போது எஞ்சின் சில்லுகளை ஓட்டவில்லை, அவற்றைத் தடுத்துக்கொண்டிருக்கின்றது. இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லு அத்தடையிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடும். இயந்திரம் வலப்புறம் திரும்பும். பாலத்திலிருந்து இறங்கும் வேளையில் இதனை அறியாத இளைஞர், இடப்புறம் போக எண்ணி வலப்புறப் பள்ளத்தில் வீழ்வார். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், மெதுவாக, கைப்பிடியின் பலத்தாலேயே திருப்புதல் பாதுகாப்பானது.

ஆகவே, இயந்திரம் வாங்கச் செல்பவர் தமது வயலின் அளவையும், வயலிலிருந்து வீதிக்கு வரும் வழியையும், ஒரே தடவையில் ஏற்றும் மூடைகளின் எண்ணிக்கையையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக. பாரம் ஒரு தொன்னுக்கு உட்பட்டதாயின் இரண்டு சில்லு இயந்திரம் போதும். அதற்கு மேற்பட்டதாயின் நான்கு சில்லு இயந்திரமே தகும். வயலுக்கு அலுவலின்றித் தார் வீதியில் நெடுந்தூரம் நெல் கொண்டுபோவதே தொழிலாயின், பெட்டி இழுக்கும் இயந்திரத்தைவிட, எல்லாச் சில்லுகளிலும் பிறேக்குள்ள ஒரு லொறியே சிறந்தது. பழைய இயந்திரம் வாங்குபவர், வெறும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைதல் ஆகாது. விற்பவரிடம் கேட்டு, ஆளரவமற்ற இடத்தில், பாரம் ஏற்றிய பெட்டியோடு ஓட்டி, மெதுவான வேகத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். நின்ற இடத்திலிருந்து பிறேக் பிடித்த இடம்வரை அடிவைத்து அளந்தால், எந்தத் தரகரும் சொல்லாத உண்மையை அந்த அடிகள் சொல்லும். கொழுக்கியின் ஆணி தேய்ந்திருக்கின்றதா, அது கழன்றுவிடாமல் காக்கும் சிற்றாணி இருக்கின்றதா, பெட்டியின் பின்புறத்தில் இரவில் ஒளிரும் சிவப்புத் தகடு உண்டா என்பவற்றையும் பார்த்துக்கொள்க.

இறுதியாக, நம் பகுதிக்கே உரிய ஒரு விடயம். மாரி வெள்ளத்தில் கிட்டங்கித் தாம்போதியை நீர் மூடி, போக்குவரத்துத் தடைப்பட்ட நாட்களை இங்குள்ளோர் பலமுறை கண்டிருக்கின்றனர். அத்தகைய நாட்களில், "மற்ற வண்டிகள் போகா; மிசின் போகும்" என்ற நம்பிக்கையில் ஆட்கள் பெட்டியில் ஏறுவதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரமும் பெட்டியும் அள்ளுண்டன. வீடு திரும்பவேண்டிய சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அந்தத் துயரைக் கரையோரத்து ஊர்கள் எவையும் மறந்திருக்கமாட்டா.

உயரமான சில்லும் உறுமும் எஞ்சினும் நீரில் நம்மைக் காக்குமென்று எண்ணுவது ஏன் தவறு? பிடி என்பது நிறையிலிருந்து வருவது என்று கண்டோம். நீரோ நிறையைத் திருடுகின்றது. காற்றடைத்த சில்லும் பலகையும் நீரில் அமிழும்போது, அவை ஒதுக்கும் ஒவ்வொரு லீற்றர் நீருக்கும் ஒரு கிலோகிராம் நிறை குறைகின்றது. பெட்டி இலேசாகின்றது, பிடி தளர்கின்றது. அதே வேளையில் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகின்றது. அதன் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. பெட்டி முதலில் நகர்கின்றது. நகர்ந்த பெட்டி இயந்திரத்தின் வாலைப் பிடித்துத் திருப்புகின்றது. உள்ளே நிற்பவர்கள் பாரத்தின் நடுவத்தை உயர்த்துவதால் கவிழ்வதும் எளிதாகின்றது. வீதியின் விளிம்பு எங்கே என்பதையும், அடியில் மண் அரிக்கப்பட்டுவிட்டதா என்பதையும் கலங்கிய நீர் மறைத்துவிடுகின்றது. இங்கே எந்தக் குதிரைவலுவும் உதவாது.

பெட்டி நெல்லுக்காகச் செய்யப்பட்டது. மூடை விழுந்தால் அள்ளிக் கட்டலாம். ஆதலால், வெள்ளம் வீதியைக் கடந்து ஓடும் நாளில் பெட்டியில் ஆளேற்றுவதில்லை என்று இயந்திரம் வைத்திருப்பவர் தமக்குத் தாமே ஒரு கட்டளை இட்டுக்கொள்ளவேண்டும். கேட்பவர் உறவினராயினும், கொடுப்பது இருமடங்கு கூலியாயினும், "நீர் வடியட்டும், பிறகு போவோம்" என்று சொல்லும் உறுதி வேண்டும்.

நேயர்களே, அடுத்த அறுவடைக்கு இயந்திரம் வாங்கச் செல்லும்போது, அதன் வண்ணத்தையும் வலுவையும் பாருங்கள், தடையில்லை. ஆனால் விலை பேசுவதற்கு முன்பு, அந்த முதியவரின் கேள்வியை விற்பவரிடம் ஒருமுறை கேளுங்கள்: "பாரத்தோடு வரும்போது இது எங்கே நிற்கும்?" அதற்கு நல்ல விடை தரும் இயந்திரமே உங்கள் நெல்லையும், அதனை ஓட்டிச் செல்லும் உங்கள் மகனையும் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.